கல்லில் கசிந்த பால்

அந்தக் காலத்தில், மரத்தில் வாழ்வதும் நீரில் வாழ்வதும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, மலையடிவாரத்தில் மூங்கிலாறு என்றொரு சிற்றாறு ஓடியது. அதன் கரையில் இருந்த ஊர்களைத் தென்னராயன் என்ற தலைவன் ஆண்டுவந்தான்.

கெட்டவன் இல்லை. பஞ்சம் வந்த ஆண்டில் தன் களஞ்சியத்தைத் திறந்துவிட்டவன். ஆனால் அவனுடைய அண்ணன் ஒரு கல்யாண விருந்தில் பாயசம் குடித்துவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே சாய்ந்துபோனான். அதைப் பக்கத்திலிருந்து பார்த்த நாள்தொட்டு தென்னராயனுக்கு எதைக் கண்டாலும் சந்தேகம். சோறு வந்தால் சமைத்தவன் முதல் கவளம் உண்ண வேண்டும். தண்ணீர் வந்தால் கொண்டுவந்தவள் முதல் வாய் குடிக்க வேண்டும். குதிரை தும்மினால்கூட, அதற்கு யார் என்ன கொடுத்தார்கள் என்று லாயத்துக்கே போய் விசாரிப்பான்.

இவ்வளவு பயந்தவன் தாடி வளர்த்துக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். அதற்கும் வழியில்லை. தாடி கொஞ்சம் நீண்டால் கழுத்தெல்லாம் சொறி கிளம்பி அவனைத் தூங்கவிடாது. ஆகவே கூரான இரும்போடு அவன் தொண்டைக்குப் பக்கத்தில் வரக்கூடிய ஒரே மனிதன் அந்த ஊர் நாவிதன் சடையன்.

சடையன் அதிகம் பேசமாட்டான். அவன் மனைவி தாயம்மை அவனுக்கும் சேர்த்துப் பேசுவாள். அவள் பிள்ளைப்பேறு பார்ப்பவள். மூங்கிலாற்றங்கரையில் பிறந்த பிள்ளைகள் பெரும்பாலும் முதலில் பார்த்த முகம் அவளுடையதுதான். சடையன் தீட்டிவைத்த கத்திகளில் ஒன்றை எடுத்துப்போய்த்தான் அவள் கொப்பூழ்க்கொடி அறுப்பாள்.

சடையனுக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அவனிடம் நல்ல கல் இல்லை.

அவனிடம் இருந்தவை இரண்டும் சொரசொரப்பான மணற்கற்கள். அவற்றில் தேய்த்தால் கத்திக்குக் கூர் வரும். ஆனால் அந்தக் கூர் கண்ணுக்குத் தெரியாத அரம்போல இருக்கும். மயிரையும் அறுக்கும், தோலையும் பிராண்டும். மற்றவர்கள் "எரியுதுப்பா சடையா" என்று சொல்லிவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு போவார்கள். தென்னராயன் அப்படிப் போகமாட்டான். செம்புத் தட்டில் முகம் பார்த்து, ஒவ்வொரு கீறலையும் விரலால் தடவி, "இது ஏன் வந்தது?" என்று கேட்பான்.

"கத்தி கொஞ்சம் முரடா இருக்குங்க ஐயா."

"கத்தி முரடா, கை முரடா?"

ஒவ்வொரு முறையும் வீடு திரும்பும்போது சடையனின் முதுகில் வேர்வை ஆறாக ஓடியிருக்கும். ஒரு நாள் கீறல் கொஞ்சம் ஆழமாகப் பட்டால் தன் தலை தோளில் இருக்காது என்று அவனுக்குத் தெரியும். அதனால் அவன் கல் தேடினான். வயல் வரப்பில் தேடினான், பாறை உடைக்கும் இடத்தில் தேடினான். கடைசியில் ஆற்றின் போக்கிலேயே மலையை நோக்கி ஏறினான்.

மேலே, நாணல் மறைத்த ஒரு மடுவில், ஒரு நீர்நாய் கல்லின்மேல் உட்கார்ந்து நண்டு தின்றுகொண்டிருந்தது. அதன் குட்டிகள் நீரில் உருண்டு புரண்டன. சடையனைக் கண்டதும் அது குட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றது.

"கல்லுக்கு வந்தியா?" என்றது.

சடையன் திகைத்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"மனுசன் இவ்வளவு தூரம் வேற எதுக்கு வருவான்? கீழ்மடுவில நாங்க இருந்தப்ப அம்மிக்குக் கல் வேணும்னு ஒரு கூட்டம் வந்துச்சு. பாறையைப் பேர்த்தாங்க. என் வளை இடிஞ்சு போச்சு. உள்ளே குட்டிங்க இருந்துச்சு."

சடையன் கத்தியை எடுத்துக் காட்டினான். "எனக்கு அம்மி வேண்டாம். இதைத் தீட்ட உள்ளங்கை அளவு கல் போதும். முரட்டுக் கத்தியோட நான் ஒருத்தன் கழுத்தைத் தொட வேண்டியிருக்கு. அவன் என்னை நம்பறதில்லை."

நீர்நாய் கத்தியை முகர்ந்து பார்த்தது. பிறகு தான் உட்கார்ந்திருந்த கல்லுக்குப் பக்கத்தில் கிடந்த இன்னொரு கல்லை மூக்கால் தள்ளிக் காட்டியது. சாம்பலும் நீலமும் கலந்த கல். தேங்காய் முறிபோலச் சின்னது. மேற்புறம் தண்ணீர் தேய்த்துத் தேய்த்துக் குழந்தையின் கன்னம்போல் ஆகியிருந்தது.

"என் நகம் பிளந்தா இதிலதான் தேய்ப்பேன். பிசிறே இருக்காது. நீயும் தேய்ச்சுக்கோ. ஆனா இங்கேயே உட்கார்ந்து தேய்க்கணும். கல் இந்த மடுவைத் தாண்டக் கூடாது. இது இருக்கிறதே வேற மனுசனுக்குத் தெரியக் கூடாது. உன் பெண்டாட்டிக்குக்கூட."

சடையன் ஆற்று நீரைக் கையில் அள்ளி வாக்குக் கொடுத்தான்.

அங்கேயே உட்கார்ந்து கல்லை நனைத்தான். அதன் ஓரத்தில் உடைந்து கிடந்த சில்லை எடுத்துக் கல்லின்மேல் வட்டமாகத் தேய்த்தான். கொஞ்சநேரத்தில் கல்லிலிருந்து வெள்ளையாக, பால்போல ஒரு குழம்பு கசிந்து வந்தது. அதன்மேல் கத்தியைப் படுக்கவைத்து, கூர் முன்னே போகும்படி தள்ளினான். கத்தியை முதுகுப்பக்கமாகப் புரட்டித் திரும்ப இழுத்தான். முதலில் கரகரவென்று சத்தம் வந்தது. அவ்வப்போது விரல் நுனியால் ஒரு சொட்டு நீர் விட்டான். பால் நீர்த்துக்கொண்டே வந்தது, சத்தமும் மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் கல்லைச் சுத்தமாகக் கழுவி, வெறும் தெளிந்த நீரில், கையின் கனம் சிறிதும் இல்லாமல், கத்தியின் கனத்தில் மட்டும் அதை ஓடவிட்டான். இப்போது சத்தமே இல்லை. இரும்பு கல்லோடு ஒட்டிக்கொண்டு நகர்வதைக் கை மட்டும் உணர்ந்தது.

மறுநாள் தென்னராயனுக்கு மழித்தான். ஒரு கீறல் இல்லை. எரிச்சல் இல்லை. செம்புத் தட்டில் பார்த்த தென்னராயன் வெகுநேரம் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தான். சடையன் ஒரு நல்ல வார்த்தையை எதிர்பார்த்து நின்றான்.

"போ" என்றான் தென்னராயன்.

சடையன் போன பிறகு அவன் தன் மனைவி வடிவாளிடம் சொன்னான்: "நேற்றுவரைக்கும் கத்தி பட்ட இடமெல்லாம் தெரிந்தது. இன்றைக்குப் பட்டதே தெரியவில்லை. இப்படித் தெரியாமலே அது என் தொண்டைக்குள் இறங்கினால்?"

வடிவாள் நிறைமாதக்காரி. முதல் பிள்ளை தங்காமல் போய், பல ஆண்டுகளுக்குப் பிறகு உண்டான கர்ப்பம். அவள் சலிப்போடு, "எரிஞ்சாலும் குத்தம், எரியலைன்னாலும் குத்தமா?" என்று கேட்டாள். அவன் காதில் அது ஏறவில்லை.

சடையன் வீட்டிலும் நிலைமை சரியில்லை. அவன் விடிந்தும் விடியாததுமாகக் கத்தியை எடுத்துக்கொண்டு எங்கோ போய்வருவதைத் தாயம்மை கவனித்தாள்.

"எங்கே போறீங்க?"

"சும்மா. ஆத்துப்பக்கம்."

"சும்மா போறவங்களுக்கு மேலெல்லாம் மீன் வாடை எப்படி அடிக்கும்? துறையில மீன் விக்கிறாளே, பொன்னரும்பு, அவளைப் பாக்கப் போறீங்களா?"

வாக்குக் கொடுத்திருந்ததால் சடையனால் சொல்ல முடியாது. அவன் வாயை மூடிக்கொள்ள மூடிக்கொள்ள, அவள் சந்தேகம் கெட்டியானது.

தென்னராயன் வீட்டு முற்றத்து நாவல் மரத்தில் ஒரு மைனா இருந்தது. அந்த நாளில் மைனாவுக்கு முகமெல்லாம் கறுத்த இறகு. கண்ணைச் சுற்றி அடர்ந்து வளர்ந்து, இமைமேல் விழுந்து மறைக்கும். எதையும் அரைகுறையாகத்தான் பார்க்கும். பார்க்காத பாதியைத் தானே நிரப்பிக்கொண்டு பேசும். ஊரில் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கொண்டுவந்து சேர்ப்பதில் அதற்கு ஈடு இல்லை என்பதால் தென்னராயன் அதற்குத் தினைப்பொரி போட்டு வளர்த்தான்.

"சடையன் காலையில் எங்கே போகிறான் என்று பார்த்து வா" என்று அதை அனுப்பினான்.

மைனா மரத்துக்கு மரம் தாவிப் பின்தொடர்ந்தது. மடுவின் மேலே ஒரு கிளையில் உட்கார்ந்து, இறகுகளுக்கு நடுவே கண்ணை இடுக்கிக் கீழே பார்த்தது. சடையன் குனிந்திருந்தான். அவனுக்கு முன்னால் ஏதோ வெள்ளையாக இருந்தது. அதில் கத்தியைப் புரட்டிப் புரட்டி எடுத்தான். அவ்வளவுதான் அதற்குத் தெரிந்தது. திரும்பிப் பறந்து வந்து சொன்னது.

"தலைவரே, யாரும் இல்லாத இடத்தில உட்கார்ந்து கத்தியில பால் பூசுறான்."

"பாலா? என்ன பால்?"

"வெள்ளையா, கெட்டியா... எருக்கம்பால் மாதிரி."

தென்னராயனின் முகம் வெளிறியது. "எருக்கம்பால்" என்றான். மாதிரி என்ற சொல் அவன் காதுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. மைனாவும் அதைத் திரும்பச் சொல்லவில்லை. தலைவன் இவ்வளவு கவனமாக அதன் பேச்சைக் கேட்டது அதுதான் முதல் முறை.

அன்று முற்பகலிலேயே வடிவாளுக்கு இடுப்புவலி எடுத்தது.

பணிப்பெண் ஓடிவந்து அழைக்க, தாயம்மை வேலைகளைப் போட்டபடி போட்டுவிட்டுப் புறப்பட்டாள். அரைத்த மஞ்சள், பழைய துணி, நல்லெண்ணெய், சடையன் காலையில் தீட்டிக்கொண்டுவந்த கத்தி. தலைவன் வீட்டு வாசலில் அவள் மார்புக்கு நேராக ஒரு ஈட்டி குறுக்கே வந்தது.

"உள்ளே விடக் கூடாதுன்னு உத்தரவு" என்றான் காவற்காரன் கருவாயன். அவனுடைய மூன்று பிள்ளைகளையும் எடுத்தது தாயம்மைதான். அதனால் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

முற்றத்தில் தென்னராயன் நின்றுகொண்டிருந்தான். அவள் கையிலிருந்த கத்தியைத் துணியால் பிடித்து வாங்கி, தொலைவில் ஒரு முக்காலியில் வைக்கச் சொன்னான். "உன் புருசனைக் கூட்டிவர ஆள் போயிருக்கிறது. அவன் வந்து பதில் சொல்லட்டும். ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேறு ஒருத்தியை வரச் சொல்லியிருக்கிறேன்."

"அவ வந்து சேர சாயங்காலம் ஆயிடும் ஐயா! அம்மாவுக்கு இப்பவே..."

உள்ளேயிருந்து வடிவாளின் அலறல் கேட்டது. பணிப்பெண் வாசலுக்கு வந்து கையைப் பிசைந்தாள். "தாயம்மக்கா, கால் முன்னால வருது!"

தாயம்மை ஓர் அடி எடுத்துவைத்தாள். ஈட்டி அசையவில்லை.

அப்போது சடையனைக் கொண்டுவந்தார்கள். அவன் முதுகில் ஓர் ஈட்டிமுனை. முக்காலியில் தன் கத்தியையும், வாசலில் தன் மனைவியையும் பார்த்ததும் அவனுக்குப் பாதி புரிந்தது.

"கத்தியில் என்ன பூசுகிறாய்?" என்றான் தென்னராயன்.

"எதுவும் பூசறதில்லை ஐயா."

கொம்பிலிருந்து மைனா, "பூசினான். நான் பார்த்தேன். வெள்ளைப் பால்" என்றது.

சடையன் நிமிர்ந்து பார்த்தான். "அது கல்லு விடுற பால் ஐயா. கல்லைத் தேய்ச்சா வரும். விஷமில்லை."

"கல் பால் விடுமா? எந்தக் கல்? எங்கே இருக்கிறது?"

சடையன் தலையைக் குனிந்தான். "காட்ட முடியாதுங்க. வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

கூடியிருந்தவர்களுக்குள் ஒரு முணுமுணுப்பு ஓடியது. நேற்றுவரை அவன் கையில் கன்னத்தைக் கொடுத்தவர்கள் எல்லாரும் இப்போது தங்கள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன், "போன வாரம் எனக்கு மழிச்சதும் தலை சுத்துச்சு" என்றான். இன்னொருவனுக்கும் சுற்றியது நினைவுக்கு வந்தது.

தாயம்மை மெல்லத் திரும்பினாள்.

"யாருக்குங்க வாக்குக் கொடுத்தீங்க? எனக்குத் தெரியாம அப்படி யாரு?"

சடையன் அவளைப் பார்த்தான். ஈட்டியைவிட அந்தக் கேள்விதான் அவனை அதிகம் குத்தியது. தன் உயிர் மட்டும் போவதாக இருந்தால் அவன் வாயை மூடிக்கொண்டே போயிருப்பான். ஆனால் உள்ளே மறுபடியும் வடிவாள் கத்தினாள். இந்த முறை குரல் பாதியில் உடைந்து அடங்கியது. அந்த அடங்கல் எதற்கு என்று தாயம்மைக்குத் தெரியும். அவள் முகத்தைப் பார்த்த சடையனுக்கும் தெரிந்தது.

"கல்லைக் கொண்டுவர்றேன் ஐயா. ஆளை அனுப்புங்க. ஓடிப் போய் ஓடி வரணும்."

ஈட்டிக்காரர் இருவர் பின்னால் ஓட, சடையன் ஆற்றோரமாக ஓடினான். நாணல் கீறி முழங்கால் எல்லாம் ரத்தம். மடுவில் நீர்நாய் குட்டிகளோடு வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவனைப் பார்த்துத் தலை தூக்கியது. பின்னால் வந்தவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றது.

"ஒரு பொம்பளை சாகக் கிடக்கா" என்றான் சடையன் மூச்சு வாங்க. "பிள்ளை மாறி வருது. கல்லைக் காட்டினாத்தான் என் பெண்டாட்டியை உள்ளே விடுவாங்க. இன்னைக்கு மட்டும். திருப்பிக் கொண்டுவந்து வைக்கிறேன்."

"அம்மிக்காரங்களும் ஒரே ஒரு பாறைதான் கேட்டாங்க" என்றது நீர்நாய்.

சடையன் நின்றான். பிறகு குனிந்து கல்லைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான். நீர்நாய் அவனைத் தடுக்கவில்லை, கடிக்கவில்லை. குட்டிகளை ஒவ்வொன்றாகக் கழுத்தில் கவ்வி நீருக்குள் கொண்டுபோனது. சடையன் திரும்பிப் பார்க்காமல் ஓடினான்.

முற்றத்தின் நடுவில், எல்லார் கண்ணுக்கும் தெரியும்படி அவன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். "யாராவது ஒருத்தர் கிணத்துத் தண்ணி கொண்டுவாங்க. நான் கொண்டுவரலை. என் தண்ணி வேண்டாம்" என்றான். வந்தது. கல்லை நனைத்தான். சில்லால் தேய்த்தான். வெள்ளையாகப் பால் கசிந்தது. கூட்டம் ஒரு முழம் பின்வாங்கியது.

சடையன் அந்தப் பாலை விரல்களால் வழித்தான். வாயில் வைத்து விழுங்கினான். மறுபடி வழித்தான், மறுபடி விழுங்கினான். பல்லிடுக்கில் மண் நெறுநெறுவென்று கடிபட்டது பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்டது.

பிறகு புதிதாகப் பால் எடுத்து, முக்காலியில் இருந்த கத்தியைக் கேட்டு வாங்கி அதில் ஓட்டினான். கரகரப்பு அடங்கியது. நீர் விட்டான். பால் நீர்த்தது. கல்லைக் கழுவினான். கண்ணாடிபோல் தெளிந்த நீரில் கத்தி சத்தமில்லாமல் போய் வந்தது. கடைசியில் கத்தியைத் துடைத்து, தன் இடது முன்கையில் வைத்து ஒரே இழுப்பு இழுத்தான். மயிர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. தோலில் ஒரு கோடு விழவில்லை.

"இவ்வளவுதான் ஐயா நான் செஞ்சது" என்றான்.

தென்னராயன் கல்லைப் பார்த்தான், கையைப் பார்த்தான். அவன் முகம் இளகுவதுபோல் இருந்தது. அதற்குள் மைனா இறகைச் சிலிர்த்துக்கொண்டு, "நான் பார்த்தது இது இல்லை. அது இன்னும் வெள்ளையா இருந்துச்சு. இவன் கல்லை மாத்திக் கொண்டுவந்திருப்பான்" என்றது.

தென்னராயனின் முகம் மறுபடி இறுகியது.

தாயம்மைக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. நாவல் மரத்தின் தாழ்ந்த கொம்பிலிருந்த மைனாவை எட்டிப் பிடித்தாள். பிறந்த பிள்ளைகளைப் பிடித்துப் பழகிய கை. இறுக்கவும் இல்லை, நழுவவிடவும் இல்லை. அதன் கண்மேல் விழுந்திருந்த இறகை விரலால் ஒதுக்கிப் பார்த்தாள்.

"அட பாவி! இத்தனை இறகை வெச்சுக்கிட்டு நீ எதைப் பார்த்தே? என் கையில எத்தனை விரல்னு சொல்லு பாக்கலாம்!"

மைனா தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தது, எண்ண முடியவில்லை.

தாயம்மை அதைச் சடையனிடம் நீட்டினாள். "மழிச்சு விடுங்க. நல்லாப் பாத்துட்டுச் சொல்லட்டும்."

கண்ணுக்கு ஒரு நெல் அளவு தள்ளி, ஊசிமுனை அளவு இறகுகள். மணற்கல்லில் தீட்டிய கத்தியாக இருந்தால் சடையன் அதைத் தொட்டிருக்கவே மாட்டான். கை கொஞ்சம் பிசகினாலும் பறவைக்குக் கண் போய்விடும். போனால், வேண்டுமென்றே சாட்சியைக் குருடாக்கினான் என்று அந்த இடத்திலேயே ஈட்டி பாயும். கருவாயன் ஈட்டியை ஓங்கியே வைத்திருந்தான். சடையன் மூச்சை அடக்கினான். கத்தியின் கனத்தை மட்டும் விட்டு, கண்ணின் ஓரமாக வளைத்து இழுத்தான். ஒரு பக்கம். பிறகு மறுபக்கம். கறுத்த இறகு தாயம்மையின் மணிக்கட்டில் விழுந்தது.

"முடிஞ்சுது" என்றான்.

"எப்போ தொட்டே?" என்றது மைனா.

அது கண்ணைக் கொட்டியது. தலையைத் திருப்பியது. மரத்தைப் பார்த்தது, மனிதர்களைப் பார்த்தது, கல்லைப் பார்த்தது. தாயம்மை மழித்த இடம் எரியக் கூடாதென்று தன் மடியிலிருந்த அரைத்த மஞ்சளில் ஒரு விரல் எடுத்து இரண்டு பக்கமும் தடவிவிட்டாள்.

"இதே கல்தான்" என்றது மைனா, சின்னக் குரலில். "ஓரத்துல உடைஞ்ச இடம் காலையிலயும் இருந்துச்சு. தலைவரே, நான் எருக்கம்பால் மாதிரின்னுதான் சொன்னேன். எருக்கம்பால்னு நீங்கதான் சொன்னீங்க."

தாயம்மை தென்னராயனின் பதிலுக்காக நிற்கவில்லை. கத்தியைப் பிடுங்கிக்கொண்டு வாசலை நோக்கி ஓடினாள். கருவாயன் உத்தரவுக்குக் காத்திராமல் ஈட்டியை விலக்கினான்.

வெகுநேரம் ஆனது. வெயில் முற்றத்தைக் கடந்து மதில்மேல் ஏறியது. உள்ளே தாயம்மையின் அதட்டல் கேட்டது, கெஞ்சல் கேட்டது. தென்னராயன் வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். உள்ளே போன தண்ணீரைக் குடித்துப் பார்த்தது யார், துணியைத் தொட்டது யார் என்று அன்று அவன் கேட்கவில்லை. பிறகு ஒரு மெல்லிய அழுகை எழுந்தது. பணிப்பெண் வந்து, "பொண்ணு. ரெண்டு பேரும் நல்லாயிருக்காங்க" என்றாள்.

அவன் எழுந்து சடையனைத் தேடினான். சடையன் அங்கே இல்லை. கல்லோடு அவன் எப்போதோ போயிருந்தான்.

மடுவில் கல்லை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு சடையன் கரையில் உட்கார்ந்திருந்தான். தாயம்மை வேலை முடிந்து அவனைத் தேடிக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் முதலில் சிரித்தாள். "நீர்நாயா? நான் பொன்னரும்புகிட்டே ஒரு வாரமா முகம் கொடுத்துப் பேசலையே" என்றாள். அவன் சிரிக்காததைப் பார்த்து அவளும் அடங்கினாள். இருவரும் நீரைப் பார்த்தபடி இருந்தார்கள். நடுமடுவில் குமிழிகள் எழுந்தன. தலை எழவில்லை.

"நான்தாம்மா சடையன். கல்லைக் கொண்டாந்துட்டேன்" என்று கூப்பிட்டான். குமிழிகளும் நின்றுபோயின.

நீர்நாய் பயந்தபடியே ஆயிற்று. கூட வந்த ஈட்டிக்காரர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அரிவாள் வைத்திருந்தவன், உளி வைத்திருந்தவன், உளியும் அரிவாளும் இல்லாதவன், எல்லாரும் கடப்பாரையோடு மடுவுக்குப் போனார்கள். சடையன் குறுக்கே நின்று பார்த்தான். "உனக்கு மட்டும் வேணுமா?" என்று அவனைத் தள்ளிவிட்டார்கள். இவ்வளவு கூரான கத்திகள் ஊரில் பெருகினால் தன் கதி என்ன என்று தென்னராயனுக்கும் சந்தேகம் வந்தது; மடுவில் காவல் போட்டான். காவலுக்குப் போனவர்கள் ஆளுக்கொரு கல் எடுத்துக்கொண்டார்கள். கரை சரிந்து மடு கலங்கியது. நீர்நாய்கள் இரவோடிரவாக மலைமேல் எங்கோ போய்விட்டன. அதற்குப் பிறகு அவை மனிதரோடு பேசியதாக யாரும் சொல்லவில்லை. காலடி கேட்டாலே நீருக்குள் போய்விடும். உடைத்துப்போட்ட கற்குவியலில் அந்தச் சாம்பல்நீலக் கல் கிடந்ததைக் கண்டு சடையன் எடுத்துவந்தான். இனி அதை யாருக்காகவும் மறைத்துவைக்க வேண்டியதில்லை.

தாடி வளர்ந்து சொறி கிளம்பவே, தென்னராயன் அவனுக்கு ஆளனுப்பினான். முற்றத்தில் ஈட்டிக்காரர் யாரும் இல்லை. தென்னராயன் மணையில் உட்கார்ந்து, கழுத்தை நிமிர்த்திக் கண்ணை மூடிக்கொண்டான்.

"இனி உன்னை முழுசாக நம்புகிறேன், சடையா" என்றான்.

சடையன் கத்தியைத் தொடவில்லை. "கண்ணைத் திறங்க ஐயா" என்றான்.

"ஏன்? நம்புகிறேன் என்றுதானே சொன்னேன்?"

"நீங்க நம்பறீங்க. நாளைக்கு யாராவது வந்து எதையாவது பார்த்தேன்னு சொல்லுவாங்க. அப்போ மறுபடி என் முதுகில ஈட்டி வரும், என் பெண்டாட்டி மறுபடி வாசல்ல நிப்பா. நான் ஒளிஞ்சு தீட்டினதுக்கு ஒரு பிள்ளை செத்திருக்கும் ஐயா. இனிமே எனக்கு உங்க நம்பிக்கை வேண்டாம். நீங்க பார்த்தாப் போதும்."

தென்னராயனுக்குக் கோபம் வந்தது; உடனே போயும்விட்டது. அவன் கண்ணைத் திறந்தான். சடையன் கல்லை அவன் எதிரே வைத்து, தண்ணீரை அவன் கையாலேயே விடச் சொன்னான். பால் எடுத்தான், நீர்க்கவிட்டான், கழுவினான். தெளிந்த நீரில் கடைசி இழுப்புகளை மெல்ல இழுத்து, கத்தியை முதலில் தன் முன்கையில் வைத்துக் காட்டினான். அதற்குப் பிறகே தலைவனின் கழுத்தைத் தொட்டான். மேலே கொம்பில் மைனா உட்கார்ந்து தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணோரத்தில் இறகு திரும்ப முளைக்கவில்லை, தாயம்மை பூசிய மஞ்சளும் போகவில்லை. அதன் குஞ்சுகளும் அப்படியே பிறந்தன.

சடையன் செய்ததைப் பார்த்து மற்ற ஊர் நாவிதர்களும் அப்படியே செய்யத் தொடங்கினார்கள். நாவிதர் நம்மை உட்காரவைத்து, நம் கண்ணெதிரே கல்லில் நீர் தெளித்துக் கத்தியைக் கடைசியாகத் தீட்டி, நம்மைத் தொடுவதற்கு முன்னால் தன் கையில் ஒருமுறை இழுத்துப் பார்க்கும் வழக்கம் அன்று வந்ததுதான்.